பனிப்புயலின் ஓரம்

2015 ஜனவரி 26, திங்கட்கிழமை. இரவு 11 மணிக்கு நியூயார்க் நகரத்தின் சுரங்க ரயில்கள் நிறுத்தப்பட்டன. 1904இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. சூறாவளி, வேலைநிறுத்தம், மின்தடை என்று வேறு காரணங்களுக்காக நின்றிருக்கிறது. ஆனால், பனிக்காக மொத்தமாக மூடப்பட்டது அந்த 110 ஆண்டுகளில் அன்று ஒருநாள்தான். அவசர ஊர்திகளைத் தவிர வேறெந்த வண்டியும் சாலையில் இறங்கக் கூடாது என்று ஆணை. விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்து. நகரத்துக்கு 20 முதல் 30 அங்குலம் வரை பனி விழும் என்று அமெரிக்கத் தேசிய வானிலை சேவை சொல்லியிருந்தது. நகரம் இதுவரை காணாத பனிப்புயலாக இருக்கக்கூடும் என்று மேயர் பில் டி பிளாசியோ எச்சரித்திருந்தார். எண்பது லட்சம் பேர் கதவை அடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பொழுது விடிந்தது. சென்ட்ரல் பார்க்கில் அளந்து பார்த்தால் 9.8 அங்குலம்.

அதுவும் பனிதான், கணுக்காலுக்கு நன்றாக மேலே வரும். ஆனால் இரண்டரை அடிக்குத் தயாரான ஊருக்கு முக்கால் அடி ஏமாற்றமாகவே தெரிந்தது. வானிலைக்காரர்கள் கோட்டைவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதே இரவில், அதே புயலில், கிழக்கே சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி லாங் ஐலண்டின் இஸ்லிப்பில் 24.9 அங்குலம் விழுந்திருந்தது. பாஸ்டனில் 24.6. மாசசூசெட்ஸின் உஸ்டர் நகரில் 34.5 அங்குலம், அந்த ஊரின் பதிவேட்டில் அதுவரை அப்படியொரு அளவு இல்லை. தென்மேற்கே பிலடெல்பியாவிலோ ஓர் அங்குலம் சொச்சம்.

75 கிலோமீட்டர் என்பது சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையிலுள்ள தூரம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடந்த ஒரு புயல், சொன்ன நாளில், சொன்ன கரையோரம், சொன்ன சீற்றத்தோடு வந்தது. அதன் மேற்கு ஓரம் மட்டும் கொஞ்சம் விலகி நின்றுவிட்டது. அந்த ஓரத்தில்தான் நியூயார்க் இருந்தது.

பனி என்ற நம் சொல்லுக்குப் பொருள் பல. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, ஊட்டியில் தேயிலை கருகக் காரணமாவதும் பனி, இமயத்தில் மூடிக்கிடப்பதும் பனி. இங்கே நாம் பேசுவது மேகத்திலிருந்து உதிர்கிற வெண்பனியை. வாஷிங்டன், பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க், பாஸ்டன் என்று அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் கோத்தாற்போல நிற்கும் பெருநகரங்கள் மீது குளிர்காலத்தில் இதைக் கொட்டுகிற புயலுக்கு ‘நார்ஈஸ்டர்’ என்று பெயர். வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை வைத்து வந்த பெயர் அது. நம் வடகிழக்குப் பருவமழைக்குப் பெயர் வந்த வழியும் அதுவே. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் இரு கரைக்காரர்களும் தங்கள் மழைக்கும் பனிக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடற்கரையின் அமைப்பே புயல் பிறக்கத் தோதானது. கிழக்கே கடலில், வெப்ப மண்டலத்திலிருந்து வெதுவெதுப்பான நீரைச் சுமந்துகொண்டு வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வட கரோலினாவின் ஹட்டராஸ் முனைக்கு அப்பால், ஜனவரியிலும் அந்த நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மேற்கே நிலத்தில், கனடாவிலிருந்து இறங்கிவந்த குளிர்காற்று உறைநிலைக்குக் கீழே தேங்கிக் கிடக்கும். அப்பலாச்சியன் மலைத்தொடர் அதை மேற்கே நகரவிடாமல் அணைபோட்டு நிறுத்திவைக்கும். சில நூறு கிலோமீட்டருக்குள் இப்படியொரு வெப்ப வேறுபாடு. கடலில் பிறக்கும் வெப்பமண்டலப் புயல் நீரின் சூட்டைத் தின்று வளர்கிறது. நார்ஈஸ்டருக்கு முதல் தீனி இந்த வேறுபாடுதான். உயரத்தில் ஓடும் ஜெட் காற்றில் ஒரு வளைவு சரியான நேரத்தில் மேலே வந்து சேர்ந்தால் கீழே அழுத்தம் மளமளவென்று சரியும். அந்த அகலாங்குகளில் ஒரே நாளில் 20 மில்லிபாரை ஒட்டிச் சரிந்தால் ‘பாம்’, அதாவது குண்டு, என்றே வானிலை அறிஞர்கள் அதைச் சொல்கிறார்கள். 1980இல் ஃபிரெட் சாண்டர்ஸும் ஜான் க்யாகமும் எழுதிய ஆய்வில் வேரூன்றிய பெயர் அது.

இதுவரை சொன்னதை இன்றைய கணினிகள் நாலைந்து நாள் முன்பே கண்டுபிடித்துவிடும். சிக்கல் பனியின் அளவில்தான் தொடங்குகிறது.

நவம்பரில் சென்னையில் ஒரே நாளில் 7 சென்டிமீட்டர் மழை பெய்தால் நாம் பெரிதாகப் பேசமாட்டோம். அதே தண்ணீர் பனியாக விழுந்தால்? ஒரு பங்கு நீருக்குப் பத்துப் பங்கு பனி என்பது பழைய கணக்கு. அப்படியானால் 70 சென்டிமீட்டர், 27 அங்குலத்துக்கு மேல். நியூயார்க்கின் சரித்திரத்தில் எழுதி வைக்க வேண்டிய அளவு. நம் ஊரில் 7 செ.மீ. என்று சொல்லி 4 செ.மீ. பெய்தால் யாரும் வானிலை மையத்தைக் கேள்வி கேட்கப்போவதில்லை. அங்கே அதே பிழை, பனியில் ஓரடி வித்தியாசமாக ஊர்ப் பார்வைக்கு வந்துவிடும். தண்ணீரில் செய்த சின்னத் தவறைப் பனி பத்து மடங்காக்கி வாசலில் குவித்து வைக்கிறது. பனியைக் கணிப்பவர்கள் மழையைக் கணிப்பவர்களைவிட அதிகம் திட்டு வாங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்தப் பத்து என்ற எண்ணும் நிலையானதில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிகோ கிராமத்தில் வாழ்ந்த வில்சன் பெண்ட்லி என்ற விவசாயி, நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி 1885இல் முதல் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு கோலம். ஆறு கைகள், கைகளில் கிளைகள், கிளைகளில் இலைகள். கோலத்தின் வடிவத்தை எது தீர்மானிக்கிறது என்று சோதனைக்கூடத்திலேயே பனிப்படிகம் வளர்த்துக் கண்டவர் ஜப்பானின் ஹொக்கைடோவில் பணியாற்றிய உகிச்சிரோ நகாயா. 1936இல் முதல் செயற்கைப் படிகத்தை உருவாக்கினார். வெப்பநிலையும் ஈரமுமே வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவருடைய முடிவு. கழித்தல் 5 டிகிரி அருகே ஊசிகள். கழித்தல் 15 டிகிரி அருகே, ஈரம் மிகுந்தால், கிளைவிட்ட நட்சத்திரங்கள். நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாகப் படியாது. இடையில் காற்றை வைத்துக்கொண்டு பஞ்சுபோல் உயரும். ஒன்றுக்கு இருபதுகூட வரும். ஈரப்பசையோடு விழும் பனி ஒன்றுக்கு ஐந்தாகச் சுருங்கும். ஆக, நம் 7 சென்டிமீட்டர் தண்ணீர் ஓரடியாகவும் நிற்கலாம், நாலரை அடியாகவும் நிற்கலாம். மேகத்துக்குள் காற்று வலுவாக மேலெழும் உயரத்தில் வெப்பநிலை என்ன என்பதை முன்கூட்டியே தெரிந்தவர்தான் அதைச் சொல்ல முடியும்.

படிகம் மேகத்தை விட்டுக் கிளம்பியபிறகும் பாதை நேரானதில்லை. நடுவழியில் கடலிலிருந்து நழுவிவந்த வெதுவெதுப்பான காற்று ஓர் அடுக்காகக் கிடந்தால் படிகம் உருகித் துளியாகும். அதற்குக் கீழே குளிர் தடிமனாக இருந்தால் துளி மீண்டும் இறுகிப் பனிக்கட்டி மணியாகத் தரையில் தெறிக்கும். குளிர் மெல்லிதாக இருந்தால் துளியாகவே விழுந்து, தொட்ட மின்கம்பியிலும் மரக்கிளையிலும் கண்ணாடியாக உறையும். அடுக்கு இன்னும் தடித்தால் வெறும் மழை. ஒரு டிகிரி கூடினால் ஒன்று, குறைந்தால் மற்றொன்று. மழைக்கும் பனிக்குமான இந்தக் கோடு, பெரும்பாலும் நகரங்களைக் கோக்கும் ஐ-95 நெடுஞ்சாலையை ஒட்டியே வந்து நிற்கும். கடலும் மலையும் செய்த ஏற்பாடு அது. கோடிக்கணக்கான மக்கள் அந்தக் கோட்டின் மேல் குடியிருக்கிறார்கள்.

புயலுக்குள்ளும் பனி சீராக விழுவதில்லை. சில பத்துக் கிலோமீட்டர் அகலத்தில் பட்டைகள் உருவாகும். பட்டைக்கு அடியில் இருப்பவர் தலையில் மணிக்கு இரண்டு மூன்று அங்குலம், சமயத்தில் இடியோடும் மின்னலோடும் இறங்கும். பட்டைக்கு வெளியே காற்று கீழ்நோக்கி அமிழ்ந்து உலரும். பனி தரைக்கு வருமுன் அந்த உலர்ந்த காற்றிலேயே ஆவியாகிவிடும். ரேடாரில் மேகம் தெரியும், முற்றத்தில் ஒன்றும் இருக்காது. புயலின் வடமேற்கு ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்பது இதனால்தான்.

அங்குள்ள கணிப்பாளர்கள் கடலில் ஒரு புள்ளியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வடக்கு அகலாங்கு 40, மேற்குத் தீர்க்காங்கு 70. நாண்டக்கெட் தீவுக்குத் தெற்கே, வெறும் தண்ணீர். புயலின் மையம் அந்தப் புள்ளியை ஒட்டிப் போனால் பாஸ்டனைச் சுற்றிய தெற்கு நியூ இங்கிலாந்துக்குக் கனத்த பனி. உள்ளே தள்ளிப் போனால் கடற்காற்று நகரங்களுக்குள் புகுந்து மழையாகும். வெளியே தள்ளிப் போனால் பனி முழுவதும் கடலுக்கு.

இந்தக் கடற்கரை முன்னறிவிப்பின் தோல்விகளையும் வெற்றிகளையும் மாறிமாறிப் பார்த்திருக்கிறது. 1888 மார்ச்சில், இதமான நாட்களுக்குப் பின் மழையோடு தொடங்கிய ஒரு ஞாயிறு, இரவோடு இரவாகப் பனிப்புயலாக மாறியது. அன்று ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவு நடத்திய வானிலை அலுவலகம் அதை எதிர்பார்க்கவில்லை. திங்கள் காலை வேலைக்குக் கிளம்பியவர்கள் நடுத்தெருவில் சிக்கினார்கள். தரைக்கு மேலே தூண்களில் ஓடிய ரயில்கள் பாதியில் நின்றன, தந்திக் கம்பிகள் அறுந்தன. ஏறத்தாழ 400 பேர் மாண்டார்கள், அதில் சரிபாதி நியூயார்க்கில். ரயிலையும் கம்பியையும் பூமிக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்ற குரலுக்கு வலு வந்தது அதன்பிறகுதான். 2015இல் மூடப்பட்ட சுரங்க ரயிலின் கதைக்குள் 1888இன் பனியும் இருக்கிறது.

1979 பிப்ரவரி 18, 19 தேதிகளில் வாஷிங்டனுக்கு அடுத்த அடி. குடியரசுத் தலைவர்கள் தின விடுமுறை. கணினி மாதிரிகள் வந்துவிட்ட காலம். ஆனாலும் கரையோரம் திடீரென்று வலுத்த புயலை அவை பிடிக்கவில்லை. தலைநகரில் ஒன்றரை அடிப் பனி. ஏன் தவறியது என்று தோண்டியவர்களில் ஒருவர் லூயிஸ் உசெல்லினி. ஜெட் காற்றும் கரையோரக் காற்றும் கைகோத்த விதத்தை அவரும் சக ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் அலசினார்கள். பால் கோசினோடு சேர்ந்து வடகிழக்குப் பனிப்புயல்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். 1993 மார்ச்சில் பலன் கிடைத்தது. அலபாமாவிலிருந்து மெய்ன் வரை பனி கொட்டிய அந்த ‘நூற்றாண்டுப் புயல்’ ஐந்து நாள் முன்பே அறிவிக்கப்பட்டது. முதல் பனித்துளி விழுமுன்பே மாநில ஆளுநர்கள் நெருக்கடி நிலையை அறிவித்தார்கள்.

அப்படியானால் 2015இல் என்ன நடந்தது? விடையின் ஒரு பாதி பாஸ்டனுக்கு ஆற்றுக்கு எதிர்க்கரையில், எம்ஐடியில் இருக்கிறது. 1961 குளிர்காலத்தில் அங்கே எட்வர்ட் லாரன்ஸ் தன் கணினியில் ஓடவிட்ட ஒரு கற்பனை வானிலையை நடுவிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்க விரும்பினார். கணினி உள்ளுக்குள் வைத்திருந்த எண் 0.506127. தாளில் அச்சிட்டிருந்தது 0.506. தாளில் இருந்ததைக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது இரண்டாம் ஓட்டம் முதல் ஓட்டத்தோடு ஒட்டாமல் வேறெங்கோ போயிருந்தது. பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு வேறுபாடு, சில வாரங்களில் முற்றிலும் வேறொரு வானத்தை உண்டாக்கியிருந்தது.

நிஜ வானத்தில் நம் அளவைகள் அதைவிடக் கரடுமுரடானவை. உலகெங்கும் தினம் இரண்டு வேளை வானிலை பலூன்கள் ஏறுகின்றன. கடல்களின் மேல் அநேகமாக வெறுமை. அட்லாண்டிக் கரையில் செவ்வாய்க்கிழமை பனி கொட்டப்போகிற அலை, அதற்கு முந்திய வாரம் பசிபிக்கின் மேல் எங்கோ ஒரு சிறு சுழிப்பாக இருந்திருக்கும். செயற்கைக்கோள்கள் அதைப் பார்க்கின்றன என்றாலும் பார்வையில் பிசிறு உண்டு. எனவே 1992 டிசம்பர் முதல் அமெரிக்க வானிலைக் கணிப்பு மையமும் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையமும் ஒரே கணிப்பைத் தொடக்க எண்களில் சிறுசிறு மாற்றத்தோடு பலமுறை ஓட்டுகின்றன. ஐரோப்பிய மையத்தில் 51 ஓட்டங்கள். ஐம்பத்தொரு வானங்கள் என்று சொல்லலாம். அவை ஒத்துப்போனால் நம்பலாம். சிதறினால் எவ்வளவு சிதறுகின்றன என்பதே செய்தி.

2015 ஜனவரிப் புயல் கனடாவின் ஆல்பர்ட்டாப் பக்கமிருந்து இறங்கிய எளிய தாழ்வு. கடலோரம் வந்து புதிதாக வலுப்பெறும் ரகம். இந்த ரகத்தில் எந்த இடத்தில் வலுப்பெறுகிறது என்பதே எல்லாம். ஐரோப்பிய மாதிரி புயலைக் கரைக்கு நெருக்கமாகக் காட்டி நியூயார்க்குக்குப் பெரும் பனியைச் சொன்னது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி, அது மேம்படுத்தப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கிழக்கே தள்ளிக் குறைவாகச் சொன்னது. 2012இல் சாண்டி புயல் நியூ ஜெர்சியை நோக்கித் திரும்பும் என்பதை ஒரு வாரம் முன்பே சொன்னது ஐரோப்பிய மாதிரி. அந்த நினைவு எல்லார் மனத்திலும் இருந்தது. அதை நம்பினார்கள். மேற்கு ஓரத்தில் அது ஏமாற்றியது. கணிப்பாளர்களின் இடத்தில் இருந்தால் நானும் அதையே நம்பியிருப்பேன்.

செவ்வாய் விடியும் முன்பே, பிலடெல்பியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் பொறுப்பான மவுண்ட் ஹாலி அலுவலகத்தின் தலைவர் கேரி சட்கௌஸ்கி ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார். எங்களை நம்பிக் கடினமான முடிவுகளை எடுத்தீர்கள், நாங்கள் சரியாகச் சொல்லவில்லை, வருந்துகிறேன் என்பது சாரம். யாரும் கேட்குமுன் தானாக முன்வந்து சொன்ன வார்த்தை. என் மனத்தில் அவருக்கு அன்றிலிருந்து ஒரு தனி இடம் உண்டு. அப்போது தேசிய வானிலை சேவையின் இயக்குநர் வேறு யாருமில்லை, 1979இன் தவறைத் தோண்டிய அதே உசெல்லினி. கணிப்பில் இருந்த நிச்சயமின்மையை மக்களுக்கு இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார் அவர். அந்தப் புயல்களை அவரளவு அறிந்தவர் அபூர்வம். அவரே குறையை அங்கேதான் கண்டார்.

ஆனால் பாடம் எளிதில் பதிவதில்லை. 2017 மார்ச் 14 அன்று வந்த புயலில், நியூயார்க்கில் பனியோடு பனிக்கட்டி மணிகள் கலந்து அளவு குறையக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் முந்தைய நாள் மாலையிலேயே கணிப்பாளர்களுக்குத் தெரிந்தன. எண்ணைக் குறைத்தால் மக்கள் குழம்புவார்கள், ஆபத்து நீங்கியதென்று அசட்டையாகிவிடுவார்கள் என்று அஞ்சி, பழைய எண்ணிலேயே நின்றார்கள். சென்ட்ரல் பார்க்கில் 7.6 அங்குலம் விழுந்தது. அவர்கள் எண்ணம் நல்லதே. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பல ஊர்களில் அன்று இரண்டடிக்கு மேல் விழத்தான் செய்தது. இருந்தாலும் அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. தெரிந்த சந்தேகத்தை மறைத்து வைக்கும் முன்னறிவிப்பு, அடுத்த முறை உண்மையான ஆபத்தைச் சொல்லும்போது நம்பிக்கையை இழந்து நிற்கும்.

இப்போது பனிப்புயல் நெருங்கும்போது வட்டார வானிலை அலுவலகங்கள் ஒரு வரைபடத்தோடு நிறுத்துவதில்லை. எதிர்பார்க்கும் அளவுக்கு ஒன்று, குறைந்தபட்சமாக வரக்கூடியதற்கு ஒன்று, அதிகபட்சமாக வரக்கூடியதற்கு ஒன்று என்று வரைபடங்களை அடுத்தடுத்து வைக்கின்றன. ஒரே ஊருக்கு 3 அங்குலமும் 18 அங்குலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்த ஊர் புயலின் ஓரத்தில் இருக்கிறது என்பதைத்தான் அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. 12 என்று ஒற்றை எண்ணைச் சொல்லியிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

நியூ ஜெர்சியிலும் பாஸ்டனிலும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, டிவியில் பனிப்புயல் செய்தியைப் பார்த்ததும் போனை எடுக்கிற பெற்றோர் நம்மிடையே ஏராளம். அடுத்த முறை அழைக்கும்போது, எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள். எத்தனையிலிருந்து எத்தனை வரை என்று கேளுங்கள். பெரிய எண்ணுக்கு வேண்டிய பாலும் மருந்தும் வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.